அந்த அமெரிக்கச் சைக்கிளின் வயது

ஸ்ட்ரெதமில் நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டின் பின்பக்கக் கொட்டிலில் ஒரு கறுப்புச் சைக்கிள் நின்றது. புல் வெட்டும் மெஷினை எடுக்கப் போனால் அதன் ஹாண்டில் தோளில் இடிக்கும். இரண்டு வருடமாக எனக்கும் அதற்கும் அவ்வளவுதான் பழக்கம்.

வீட்டுக்கார அம்மா வெள்ளைக்காரி. அப்போது அவருக்கு அறுபது வயது. கீழே அவர், மேலே இரண்டு அறைகளில் நானும் அண்ணையும். அண்ணை என் கூடப் பிறந்தவர் இல்லை. யாழ்ப்பாணத்தில் ஒரு சந்தியில் சைக்கிள் கடை வைத்திருந்தவர், இங்கே வந்து நோர்பரியில் ஒரு பெற்றோல் நிலையத்தில் ஷிப்ட் செய்தார். என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர். நான் பொறியியல் படித்துக்கொண்டிருந்தேன். வார இறுதியில் ஒரு தமிழ்க் கடையில் மரக்கறி அடுக்குவேன்.

எங்கள் வீட்டில் எழுத்துக் கூட்டி வாசிக்கத் தெரிந்த முதல் ஆள் நான். ஐயா கடற்றொழில். அம்மா கருவாடு காயப்போட்டு விற்றவ. எழுதியிருப்பது எதுவானாலும் அவர்கள் இரண்டு கையாலும் வாங்குவார்கள், கடை ரசீதைக்கூட. அந்தப் பழக்கம் எனக்கும் ஒட்டியிருந்தது. ஒன்று அச்சடித்திருந்தால், பொறித்திருந்தால், அது சரியாகத்தான் இருக்கும் என்ற எண்ணம்.

அந்தக் குளிர்காலத்தில் வீட்டுக்கார அம்மாவின் தாய் இறந்துபோனார். இரண்டு மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னைக் கீழே குசினிக்குக் கூப்பிட்டார். மேசையில் தேநீர் இருந்தது. ரொட்டி வாட்டும் ரோஸ்டருக்குப் பின்னால், ஒட்டாத நீலக் கடித உறை ஒன்று சாய்ந்து நின்றது.

அவர் சொன்னதைத் தமிழில் சொல்கிறேன்.

"என் அப்பா ஓர் அமெரிக்கப் படைவீரர். நான் அவரைக் கண்டதில்லை. போர்க்காலத்தில் இங்கே வந்து நின்றவர். பிரான்ஸுக்குக் கப்பல் ஏறும்போது, 'திரும்பி வரும்வரை வைத்திரு' என்று தன் சைக்கிளை அம்மாவிடம் கொடுத்துவிட்டுப் போனாராம். அங்கேயே இறந்துவிட்டார். அம்மா பிறகு கல்யாணம் செய்யவில்லை. கொட்டிலில் நிற்கிற அந்தச் சைக்கிளில்தான் சலவைச்சாலைக்கு வேலைக்குப் போய் என்னை வளர்த்தார்."

இதை எத்தனையோ பேரிடம் சொன்னவர் போலச் சரளமாகச் சொன்னார். அடுத்ததைச் சொல்லத்தான் தடுமாறினார். இழவு வீட்டுத் தேநீரின்போது அவருடைய சின்னம்மா, 'என்ன அமெரிக்கன்? அந்தச் சைக்கிளை உன் அம்மா சந்தையில் எவனிடமோ வாங்கினாள். நீ இன்னுமா அந்தக் கதையை நம்புகிறாய்?' என்று எல்லோர் முன்னாலும் கேட்டுவிட்டாராம்.

நீல உறையைக் கையில் எடுத்தார். அந்தப் படைவீரரின் குடும்பப் பெயரும் ஊரும் அவருக்குத் தெரியும். அதே ஊரில் அதே பெயரில் ஒரு பெண் இருப்பதைக் கண்டுபிடித்து, அவருக்குக் கடிதம் எழுதி வைத்திருந்தார். எனக்கு அதை வாசித்துக் காட்டினார். 'போரில் பிரான்ஸில் இறந்த இளைஞர் ஒருவர் உங்கள் குடும்பத்தில் இருந்தாரா? நான் அவருடைய மகளாக இருக்கலாம்' என்று ஒரு வரி.

"சைக்கிள் போர்க்காலத்தது என்றால் அம்மா சொன்னது உண்மை. கடிதத்தை அனுப்புவேன். இல்லையென்றால் முன்பின் தெரியாத ஒருத்தியின் கதவைத் தட்டி நான் உன் சொந்தம் என்று சொல்ல மாட்டேன். நீ இரும்பைப் பற்றிப் படிக்கிற பிள்ளை. அது எப்போது செய்தது என்று பார்த்துச் சொல்வாயா?"

என் படிப்பை நம்பி ஒருவர் ஒன்றைக் கேட்டது அதுதான் முதல் தடவை. பார்க்கிறேன் என்றேன். மறுநாளே பார்த்தேன்.

அது எங்கள் ஊர்ச் சைக்கிள் மாதிரி இல்லை. ரயர் இரண்டு மடங்கு தடிப்பு. ஹாண்டிலில் பிரேக் கம்பி கிடையாது. பெடலைப் பின்னுக்கு மிதித்தால் நிற்கும். எங்கள் சைக்கிள்களில் பெடல் பூட்டுகிற இரண்டு கிராங்கும் தனித்தனி. நடு அச்சில் ஆணி அடித்து இறுக்கியிருக்கும். இதில் இரண்டு கிராங்கும் அச்சும் சேர்ந்து வளைத்த ஒரே இரும்பு. துணியில் மண்ணெண்ணெய் நனைத்து அந்தக் கிராங்கைத் துடைத்தேன். உட்பக்கத்தில், ஒரு சின்ன வட்டத்துக்குள், 52 என்று பொறித்திருந்தது.

எனக்கு நெஞ்சு அடித்தது. பரீட்சையில் தெரிந்த கேள்வி வந்தால் அடிக்குமே, அப்படி.

நூலகக் கம்பியூட்டரில், பழைய அமெரிக்கச் சைக்கிள் சேகரிப்பவர்கள் எழுதிக்கொள்ளும் ஓர் இணையத்தளம் கிடைத்தது. விவரத்தை எழுதிப்போட்டேன். இரண்டு நாளில் யாரோ ஒருவர் பதில் எழுதியிருந்தார். வட்டத்துக்குள் இருப்பது கிராங் செய்த வருடம், சந்தேகமே இல்லை. அதற்குக் கீழே இன்னொரு வரி: 'ஃபிரேமின் அடியில், கிராங் போகும் குழாயின் கீழ்ப்பக்கம் ஓர் எண் இருக்கும். அது என்ன?'

நான் அதற்குப் பதில் எழுதவில்லை. விடை வந்துவிட்டதே.

ஒரு முழுப்பக்க அறிக்கை எழுதினேன். நோக்கம், அவதானம், முடிவு என்று தலைப்புப் போட்டு அடிக்கோடு இட்டேன். முடிவு: இந்தச் சைக்கிள் போர் முடிந்து ஏழு வருடத்துக்குப் பின் செய்யப்பட்டது. கையெழுத்து அழகாக வரவேண்டும் என்று இரண்டு தடவை எழுதினேன். அதை நினைத்தால் இப்போதும் கூசுகிறது.

வீட்டுக்கார அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முழுவதையும் வாசித்தார். "மிக நேர்த்தியாக எழுதியிருக்கிறாய்" என்றார். அறிக்கையை நாலாக மடித்தார். நீல உறையை ரோஸ்டருக்குப் பின்னாலிருந்து எடுத்து, கரண்டிகள் கிடந்த லாச்சியை இழுத்து, அதற்குள் போட்டு மூடினார். பிறகு, மேலே ஹீற்றர் சரியாக வேலை செய்கிறதா என்று கேட்டார்.

அண்ணை ஷிப்ட் முடிந்து வந்து கீரைக்கறிக்கு வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தபோது விஷயத்தைச் சொன்னேன். கொஞ்சம் பெருமையாகத்தான் சொன்னேன். அவர் கத்தியை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"எங்கையடா பாத்தனி அந்த நம்பரை?"

"கிராங்கிலை."

"கிராங்கிலையோ? டேய், நான் பதினொரு வருசம் கடை வைச்சிருந்தனான். முன் சில்லு ஒருத்தன்ரை, பின் சில்லு ஒருத்தன்ரை, செயின் செத்துப்போன ஒரு மாஸ்டற்றை. அப்பிடித்தானே எங்கடை சனம் ஓடினது. கிராங்கைப் பாத்துச் சைக்கிளுக்கு வயசு சொல்லுறது, பல்லுக்கட்டினவன்ரை பல்லைப் பாத்து ஆளுக்கு வயசு சொல்லுறமாதிரி."

"அதிலை பொறிச்சிருக்கு அண்ணை. வருசம் பொறிச்சிருக்கு."

"உன்ரை விசாக் கடதாசியிலும்தான் பொறிச்சிருக்கு. எத்தினை வயசடா உனக்கு?"

நான் வெங்காயத் தோலைக் கூட்டி அள்ளினேன். அவருக்குத் தெரியும்.

எனக்கு மூன்று வயதுகள். அம்மாவின் கணக்கில் நான் புது வள்ளம் வாங்கின மாரியில் பிறந்தவன். பிறப்புப் பதிய ஐயா போனது, கடல் பொங்கித் தொழில் இல்லாத ஒரு நாளில், ஒரு வருடத்துக்கு மேல் பிந்தி. பிந்தினால் தண்டம் வரும் என்று இரங்கிய பதிவுகாரர், பிள்ளை போன கிழமைதான் பிறந்தது என்று எழுதிவிட்டார். ஐயா அதன் கீழே பெருவிரலை ஊன்றினார். இலண்டனில் வந்து இறங்கியபோது அந்தப் பத்திரத்தின்படி எனக்குப் பதினாறு. குடிவரவு அலுவலகத்தில் விசாரித்த பெண் பத்திரத்தைத் தள்ளி வைத்துவிட்டு என் மீசையையும் கைகளையும் கொஞ்ச நேரம் பார்த்தார். பதினெட்டுக்கு மேல் என்று எழுதி, ஜனவரி முதலாம் திகதி என்று ஒரு பிறந்தநாளும் தந்தார். உண்மையில் எனக்கு அப்போது பதினேழரை. அதைச் சொல்ல அந்த அறையில் எனக்கு இங்கிலிஷ் வரவில்லை. வளர்ந்த ஆண்களோடு தங்கவைத்தார்கள். அந்த மாதங்களைப் பற்றி நான் எழுதப்போவதில்லை.

இவ்வளவையும் சுமந்துகொண்டுதான், ஒரு வட்டத்துக்குள் இருந்த இரண்டு இலக்கத்தை நான் இரண்டு கையாலும் வாங்கியிருந்தேன்.

அடுத்த ஞாயிறு வீட்டுக்கார அம்மா தேவாலயத்துக்குப் போன பிறகு, சைக்கிளை வெளியே எடுத்துப் பழைய பேப்பர் விரித்துத் தலைகீழாக நிறுத்தினோம். அண்ணை சாறத்தை மடித்துக் கட்டிக்கொண்டு குந்தினார். கிராங் போகும் குழாயின் அடிப்பக்கத்தைக் குசினிக் கத்தியால் சுரண்டத் தொடங்கினார். தூரிகையால் யாரோ வீட்டிலேயே அடித்த கறுப்பு. அது தோல் தோலாக உரிந்தது.

கறுப்புக்குக் கீழே பச்சை இருந்தது.

மங்கின, மண் கலந்த பச்சை. அண்ணை கத்தியை நிறுத்திவிட்டார். எங்கள் இருவருக்கும் அந்த நிறத்துக்குப் பெயர் தேவைப்படவில்லை. அது இராணுவ ட்ரக்கின் நிறம். சென்றிக் காவலரணில் நின்ற தகரத்தின் நிறம். அந்த நிறம் வளைவில் தெரிந்தால் சைக்கிளை விட்டிறங்கி உருட்டிக்கொண்டு போக வேண்டும் என்று ஏழு வயதிலேயே எனக்குத் தெரியும். நாடு வேறு, காலம் வேறு. ஆனாலும் என் கைகள் ஹாண்டிலை விட்டுவிட்டன.

"ஆமிச் சைக்கிளடா," என்றார் அண்ணை, மெதுவாக. ஊரில் கதைப்பதுபோல.

இன்னும் சுரண்ட எண் வந்தது. இரண்டு எழுத்து, ஐந்து இலக்கம். நான் பேப்பரில் குறித்துக்கொண்டேன். கிராங்கில் எங்கேயும் ஒரு பொட்டுப் பச்சை இல்லை. பிறகு மாட்டினதுதான்.

"இப்பவே போய்ச் சொல்லப்போறன்" என்று எழுந்தேன்.

"பொறு. முதல் அந்த நம்பரைக் கேட்டு எழுது. பிறகு சொல்லு." கத்தியைத் துடைத்துக்கொண்டே, "கிராங் கதையை எடுக்காதை," என்றார்.

"ஏன்?"

"எடுக்காதை எண்டால் எடுக்காதையடா. எல்லாத்துக்கும் ஏன்."

இணையத்தளத்தில் பதில் ஒரே நாளில் வந்தது. அந்த இரண்டு எழுத்தில் தொடங்கும் எண் படைக்குச் செய்த சைக்கிள்களுக்கு மட்டும் போட்டது, போர்க்காலம். 'அதைக் கறுப்பு அடித்துக் கெடுத்தவரைப் பிடித்து உதைக்க வேண்டும்' என்றும் எழுதியிருந்தார்.

நான் வீட்டுக்கார அம்மாவைக் கொட்டிலுக்குக் கூட்டிப்போனேன். அண்ணையும் பின்னால் வந்தார். என் அறிக்கை பிழை என்றேன். மன்னிப்புக் கேட்டேன். சுரண்டின இடத்தைக் காட்டினேன். அவர் குனிந்து அந்தப் பச்சையில் ஒரு விரலை வைத்தார். அப்படியே வைத்துக்கொண்டு சிரித்தார். "சந்தையில் வாங்கினாளாம்," என்றார். "சந்தையில்!" கண் நிறைந்துவிட்டது. என் கன்னத்தில் தட்டினார்.

நிமிர்ந்தவர் கிராங்கைப் பார்த்தார்.

"அப்படியானால் நீ எழுதிய ஐம்பத்திரண்டு?"

"அது பிறகு மாற்றியது. முதலில் இருந்தது உடைந்திருக்கலாம்."

"அம்மா அதை எங்கே வாங்கியிருப்பார்?"

நான் அண்ணையைப் பார்த்தேன். அவர் செயினில் எதையோ நோண்டினார். தமிழில் கேட்டேன்: "இங்கத்தைய கிராங் இதுக்குப் பூட்ட ஏலுமோ அண்ணை?"

அவருக்குக் கோபம் வந்தது. "ஏலாது. ஓட்டையைப் பார், எவ்வளவு பெரிசு. இங்கத்தையது அதுக்குள்ளை ஆடும். இதை உன்னட்டை அண்டைக்கே மறைச்சனான், விளங்குதே? இப்ப வாயை மூடு."

வீட்டுக்கார அம்மா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றார். "என்ன சொல்கிறார்?"

பொய் சொல்ல எனக்கு நேரம் இருந்தது. அது தோன்றவில்லை என்று சொன்னால் பொய்யாகிவிடும். ஆனால் ஒரு தடவை பிழையாகச் சொல்லிவிட்டேன், இந்தத் தடவையாவது முழுவதையும் சரியாகச் சொல்ல வேண்டும் என்றுதான் நினைத்தேன்.

"இந்த நாட்டுக் கிராங் இதற்குப் பொருந்தாது என்கிறார். அமெரிக்காவிலிருந்துதான் வந்திருக்க வேண்டும்."

அவர் கிராங்கின் மேல் கையை வைத்தார்.

"ஐம்பத்திரண்டில் எனக்கு ஏழு வயது," என்றார் அவர். "ஒரு பார்சல் வந்தது. சின்னது, ஆனால் என்னால் தூக்க முடியாத பாரம். எனக்குத்தான் ஏதோ வந்திருக்கிறது என்று அழுது அடம்பிடித்தேன். அம்மா திறக்க விடவில்லை. அன்றைக்கு முழுக்க என்னோடு பேசவும் இல்லை."

அப்போதுதான் எனக்கு அண்ணையின் 'எடுக்காதை' விளங்கியது. செத்த ஆள் கிராங் அனுப்ப மாட்டான்.

இந்த நாட்டில் பிறகும் அமெரிக்கப் படைத்தளங்கள் இருந்தன, அங்கே யாரிடமாவது வாங்கியிருக்கலாம், யாரோ உறவினர் அனுப்பியிருக்கலாம் என்று நான் அடுக்கினேன். "இருக்கலாம், டியர்," என்று சொல்லிவிட்டு அவர் உள்ளே போனார்.

"சந்தோசமோ?" என்றார் அண்ணை.

"உண்மையைத்தானே சொன்னனான்."

"ஓம். போன கிழமையும் உண்மையைத்தான் சொன்னனீ."

அந்தக் கிழமை முழுவதும் வீட்டுக்கார அம்மா எங்களோடு ஹீற்றரைப் பற்றியும் குப்பை எடுக்கும் நாளைப் பற்றியும் மட்டும் பேசினார். நான் படிக்க இருந்தால் வரிகள் ஓடவில்லை. மேலேயிருந்து கேட்பேன்: கீழே கரண்டி லாச்சி திறக்கும், கொஞ்ச நேரம் ஒரு சத்தமும் இருக்காது, மூடும்.

சனிக்கிழமை பின்னேரம் படியேறி வந்து என் கதவைத் தட்டினார். அந்த இரண்டு வருடத்தில் அவர் மேலே வந்ததே இல்லை.

"உன் நண்பரால் அந்தத் துண்டைக் கழற்ற முடியுமா?"

அண்ணை நட்டுக் கழற்றும் பெரிய சாவியைக் கொண்டுபோனார். முதலில் இரண்டு பெடல்களும் வந்தன. பிறகு இடப்பக்க நட்டு. "மறுபுரி. வலப்பக்கம் திருப்பினால்தான் கழரும்," என்று எனக்குச் சொன்னார். கைக்கு வேலை கிடைத்தால் அவருக்குக் கோபம் இருக்காது. கிராங்கைச் சாய்த்து, குழாய்க்குள்ளால் பாம்பு மாதிரி வெளியே உருவினார். இரண்டு தரம் வளைந்த ஒற்றை இரும்பு. வீட்டுக்கார அம்மா அதை இரண்டு கையாலும் வாங்கினார். பாரம் அவர் கையைக் கீழே இழுத்தது. ஏழு வயதில் தூக்க முடியாமல் போனது அதுதான் என்றால், அவர் கடைசியாக அதைத் தூக்கிவிட்டார்.

வீட்டுக்குள்ளால் நடந்து வாசலுக்குப் போய், முன் மதிலின் மேல் அதை வைத்தார். அந்தத் தெருவில் வேண்டாத பொருளை அப்படித்தான் வைப்பார்கள், வேண்டியவர் எடுத்துக்கொண்டு போவார். கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே வந்தார். லாச்சியைத் திறந்து நீல உறையை எடுத்தார். கடிதத்தை விரித்து ஒரு தடவை வாசித்தார்.

"ஏதாவது மாற்ற வேண்டுமா?" என்று கேட்டேன். எனக்கு அந்த ஒரு வரிதான் நினைவில் நின்றது. 'போரில் பிரான்ஸில் இறந்த.'

"இல்லை," என்றார். "அம்மா சொன்னதைத்தான் எழுதியிருக்கிறேன்."

உறையை நாக்கால் நனைத்து ஒட்டினார். நான் கடைக்குப் போகும் வழியில் தபாலில் போடுவேனா என்று கேட்டார்.

தபால் பெட்டி ஹை றோட் மூலையில். அதன் முன்னால் நான் நின்ற நேரத்தில் இரண்டு பஸ் போய்விட்டது. அந்த வரி பிழையாக இருக்கலாம் என்று அவருக்குத் தெரியும், எனக்கும் தெரியும். திருப்பிக் கொண்டுபோய்க் கொடுத்து, இதை என்னால் போட ஏலாது என்று சொல்லியிருக்கலாம். பொக்கெற்றில் என் அடையாள அட்டை இருந்தது. ஜனவரி முதலாம் திகதி. அதை நீட்டித்தான் கல்லூரியில் சேர்ந்தேன், வங்கியில் கணக்குத் திறந்தேன். நீட்டும் ஒவ்வொரு தடவையும் அது பிழை என்று எனக்குத் தெரியும். கடிதத்தைப் போட்டேன்.

அந்த இலையுதிர் காலத்தில் நான் இல்ஃபோர்டுக்கு அறை மாறிப் போனேன். அதுவரை பதில் வரவில்லை. வந்திருந்தால் அவர் எங்களுக்குச் சொல்லவில்லை. அவரிடம் கேட்கும் துணிவு எனக்கும் இல்லை, அண்ணைக்கும் இல்லை.

பெட்டியைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்த அன்று கிராங் மதிலின் மேலேயே கிடந்தது. மழையில் துருப்பிடித்து, வட்டத்துக்குள் இருந்த எண் பாதி மறைந்திருந்தது. பழைய நாற்காலி, உடைந்த விளக்கு என்று அந்தத் தெருவில் எல்லாவற்றையும் எடுத்துப் போகிறவர்கள் அதை மட்டும் ஏழு மாதமாக எடுக்கவில்லை. எடுத்துத்தான் என்ன செய்வது? அதைப் பூட்டக்கூடிய சைக்கிள், நான் அறிய, ஒன்றே ஒன்றுதான். அது பின்னால் கொட்டிலில் நின்றது.